தறி நின்ற பகல்

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாதத்தில் நடந்தது இது. அப்போதும் இப்போதும் நாங்கள் குடியிருப்பது திருப்பூரை அடுத்த மங்கலத்தில்தான். வாடகை வீடு. ஹால் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கொட்டகை. எட்டுத் தறி, இரண்டு ஷிஃப்ட். சாதாரணமாகப் பேசுவதையே நாங்கள் கத்தித்தான் பேசுவோம்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் எம்பிராய்டரி டிசைன் போடுகிறவன். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதால், அதைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று ஒரு நினைப்பு. என் மனைவி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தையல் வேலைக்கு வந்தவள். சர்ச் பாடகர் குழுவில் பாடுவாள். எங்கள் மகள் பிறந்ததிலிருந்து அவளுக்காகவே சொந்தமாக வார்த்தையும் மெட்டும் போட்டு ஐந்து பாட்டு வைத்திருந்தாள். தூங்க வைக்க ஒன்று, சாப்பிட வைக்க ஒன்று, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதால் பாட ஒன்று, இப்படி.

அந்த வருடம் மனைவியின் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு. சதையை எடுத்துப் பரிசோதித்துவிட்டு, புற்றுநோய்தான், ஆனால் ஆபரேஷன் செய்தால் உயிருக்குப் பயமில்லை என்று கோயம்புத்தூர் டாக்டர் சொன்னார். கட்டி குரல் நரம்பை ஒட்டி இருக்கிறது, குரல் போனாலும் போகலாம் என்றும் சொன்னார். ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அதுக்குள்ள அந்த அஞ்சு பாட்டயும் பிள்ளைக்குப் பதிஞ்சு வச்சிருவோமாங்க?"

அவள் அழவில்லை. நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எப்படியாவது உலகத்திலேயே நல்ல பதிவாக எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது.

முதல் வாரம் முழுக்க எந்தக் கம்ப்யூட்டர் வாங்குவது என்பதிலேயே போயிற்று. வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். ராம் எத்தனை, பிராசசர் எது, மைக்கை எதில் செருகுவது என்று மண்டை காய்ந்தது. திருப்பூர்க் கடைக்காரர் நல்ல மனிதர். "பாட்டு மட்டும் பதியறதுக்கு இவ்வளவு எதுக்குங்க? சின்ன லேப்டாப்பே போதுமுங்க. ஊட்ல எந்த ரூமுல வெக்கறீங்க, வெளிச் சத்தம் வருங்களா?" என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, கம்பெனியில் நான் உட்காருகிற மிஷினைவிடப் பெரியதாக ஒன்றை வாங்கினேன். கிராபிக்ஸ் கார்டுகூடப் போட்டேன். பாட்டுக்கு எதற்கு கிராபிக்ஸ் கார்டு? இன்றைக்கு வரை எனக்கே தெரியாது.

இரண்டாம் வாரம் மைக்கை மாட்டிப் பதிந்து பார்த்தோம். விலை உயர்ந்த மைக் என்றால் எல்லாச் சத்தத்தையும் அள்ளிக்கொள்ளும் என்பது அப்போதுதான் புரிந்தது. அவள் குரல் எங்கேயோ கிடக்க, எட்டுத் தறியும் காதுக்குள்ளேயே ஓடின. ஆர்டர் நெருக்கடி, ஞாயிற்றுக்கிழமையும் நிறுத்தவில்லை. மெத்தையைச் சுவரில் சாய்த்துப் பார்த்தேன், பீரோவை நகர்த்திப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கோபத்தில், எடுத்த அத்தனையையும் அழித்துவிட்டேன். குறையுள்ள பீஸை வெட்டிப் போட்டுவிட வேண்டும், நல்ல பீஸோடு கலந்துவிடக் கூடாது. கம்பெனியில் பதினைந்து வருடமாகப் படிந்த பழக்கம்.

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை, பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் ஐந்து வரை கரண்ட் இருக்காது என்று அறிவிப்பு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கரண்ட் இல்லாவிட்டால் தறி நிற்குமே. லீவு போட்டேன். கம்ப்யூட்டருக்குத்தான் யூ.பி.எஸ். வாங்கியிருக்கிறேனே என்று தைரியம்.

ஒன்பது மணிக்குத் தறிகள் நின்றன. மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மைக் முன்னால் மனைவி தயாராக இருந்தாள். முதல் பாட்டில் இரண்டாவது வரிகூட முடிந்திருக்காது, யூ.பி.எஸ். பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. சத்தத்தை நிறுத்துவதற்கு நான் அதன் பொத்தான்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே மொத்தமாக அணைந்துவிட்டது. கிராபிக்ஸ் கார்டு போட்ட அந்தப் பெரிய பெட்டியை அதனால் நான்கு நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. வேலையைச் சேமித்துவிட்டு அணைப்பதற்குத்தான் யூ.பி.எஸ். என்று கடைக்காரர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"விடுங்க. உங்க போன்லயே எடுத்துருங்க, போதும்" என்றாள். அவளிடம் இருந்தது பழைய பட்டன் போன். நான், போனில் எடுத்தால் தகர டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி இருக்கும், பெருமாநல்லூரில் நண்பனிடம் லேப்டாப் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்றேன். அவள் வாய்க்குள் ஏதோ முனகிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்பப் பாடாத, தொண்டையக் காப்பாத்தி வை" என்று அதட்டிவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நண்பன் கம்பெனியில் இல்லை. அவன் சரக்கு ஏற்றிவிட்டு வருவதற்கு மத்தியானம் இரண்டு மணி ஆயிற்று. வாங்கிக்கொண்டு வந்தால் பாதி வழியில் வண்டி பஞ்சர். நாலு மணிக்குத் தெருவுக்குள் நுழையும்போது தறிச் சத்தம் கேட்டது. கரண்டை முன்னதாகவே விட்டுவிட்டார்கள். மகள் வாசலில் நின்றிருந்தாள். "அம்மா அஞ்சு பாட்டும் பாடுனாங்கப்பா. சூப்பரா இருந்துச்சு" என்றாள்.

மனைவி சாப்பாடு எடுத்து வைத்தாள். ஞாயிறன்று நண்பன் வீட்டுக்கே போய்ப் பதிந்துவிடலாம் என்று நானும் சமாதானம் சொன்னேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன். வேறொருவரின் ஆபரேஷன் தள்ளிப் போய்விட்டது, நீங்கள் இன்றைக்கே வந்து சேர்ந்துவிடுங்கள் என்றார்கள். புற்றுநோய்க் கட்டியை வைத்துக்கொண்டு வரமாட்டேன் என்று யார் சொல்வது? பதற்றத்தில் துணிமணியைத் திணித்துக்கொண்டு கிளம்பினோம். போன் என் பையில்தான் இருந்தது. பஸ்ஸில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் எனக்குத் தோன்றவில்லையே, என்னை என்ன சொல்வது.

உயிர் பிழைத்தாள். கர்த்தருக்கு நன்றி. குரல்தான் போயிற்று. இப்போது பேச்சு வருகிறது, காற்று கலந்த கரகரப்பாக. பாட்டு வரவில்லை.

வீடு திரும்பிய வாரத்தில் தறிக்காரர் தன் மனைவியோடு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். குடிவந்த புதிதில் சத்தத்தைப் பற்றி அவரோடு எனக்கு வாய்த்தகராறு. அதற்குப் பிறகு நான் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. அவர் தயங்கித் தயங்கி என் மனைவியிடம் சொன்னார். "கரண்ட் போனா அம்மிணி பாடறது அந்தப் பக்கம் நல்லாக் கேக்குமுங்க. அன்னைக்கு நாங்க எல்லாரும் அப்படியே உக்காந்து கேட்டோமுங்க." நான் நடந்ததைச் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க தம்பி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அரை மணி நேரம் தறிய நிறுத்தியிருக்க மாட்டனுங்களா?"

எந்தக் கம்ப்யூட்டர் நல்லது என்று ஊர் உலகமெல்லாம் கேட்ட நான், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து "போதும்" என்று சொன்னவளின் பேச்சையும் கேட்கவில்லை.

அவள் ஒரு நாளும் இதைச் சொல்லிக் காட்டியதில்லை. மகள் அந்தப் பாட்டுகளைத் தனக்கு ஞாபகம் இருக்கிற மட்டும் பாடுவாள். நடுவில் வரி மறந்து நிறுத்துவாள். அம்மா வார்த்தையை எடுத்துக் கொடுப்பாள். "மெட்டு இப்படித்தானேம்மா?" என்று அவள் கேட்கும்போது, பாடிக் காட்ட முடியாமல் என் மனைவி தலையை மட்டும் ஆட்டுவாளே, அந்தத் தலையாட்டல் சரி என்றா, விட்டுவிடு என்றா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.