கிறிஸ்துமஸ் குடிலை மாடுகள் தின்ற கதை

கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் பங்குக் கோயில் நிவாரணக் குழுவில் சேர்ந்தபோது என்னைச் சோற்றுப் பொட்டலம் கட்டத்தான் உட்கார வைத்தார்கள். மாட்டு வைத்தியம் தெரிந்தவளுக்கு வேறென்ன வேலை என்று நானும் கட்டினேன்.

அந்த டிசம்பர் மழையில் மலைத் தண்ணீர் முழுவதும் இறங்கி, ஊருக்கு வெளியே ஏரிக்கரை கசிய ஆரம்பித்தது. கரைக்குக் கீழே இருந்த குடும்பங்களை அழைத்துவரப் போன கோயில் வேன் இரண்டு முறையும் காலியாகத் திரும்பியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்றாவது தடவை நானே ஏறினேன்.

அங்கே முனியம்மா என்ற பெண் முழங்கால் தண்ணீரில் சினைமாட்டின் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

"இத உட்டுட்டு எங்கயும் வரமாட்டேன். செத்தா ரெண்டு பேரும் இங்கயே சாவுறோம்."

தெருவே மாடுகளோடு அவள் பின்னால் நின்றது. பங்குத்தந்தைக்குப் போன் போட்டேன்.

"ஃபாதர், மாடுங்க வந்தாதான் ஜனங்க வருவாங்க."

"எத்தன மாடும்மா?"

"ஜாஸ்திதான்."

"நம்ம கோயில் ஸ்கூல் கேட்டத் தொறந்து வைக்கிறேன், ஓட்டிட்டு வாங்க."

பௌர்ணமி கிரிவலக் கூட்டம் மாதிரி மாடும் மனிதருமாக நடந்து வந்தோம்.

காலையில் அடுத்த வம்பு. ஊரில் காய்ந்த வைக்கோலே இல்லை. பசியில் மாடுகள் கத்தின. "எங்க வைக்கப்போர்ல அடியில இருக்கிறதாவது காஞ்சிருக்கும், திரும்பிப் போறோம்" என்று ஆண்கள் கயிற்றை அவிழ்த்தார்கள். கரை இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

கோயில் மண்டபத்தில் பங்கு இளைஞர்கள் வைக்கோலால் பெரிய குடில் கட்டியிருந்தார்கள். நான் அதைப் பார்த்ததுமே அவர்களில் ஒருவனான அமலனுக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, வேணாங்க்கா. ஒரு வாரமா கட்டுனது."

"மாட்டுத் தொழுவம்னுதானடா கட்டுனீங்க? மாடு வந்திருக்கு, குடு."

அவன் சிரித்துவிட்டான். முதல் வைக்கோல் கட்டை உருவியவர் பங்குத்தந்தை. மாடுகள் தின்றன, யாரும் போகவில்லை.

மதியம் கரை உடைந்தது. தெரு முழுகிப்போனது. ஓர் ஆள், ஒரு கன்றுகூடச் சாகவில்லை. பள்ளி மைதானத்தில் நின்று சந்தோஷத்தில் வாய்விட்டுக் கத்தினேன். அந்த வயதில் அப்படிக் கத்தியதற்கு எனக்கு வெட்கமே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அந்தத் தெருக்காரர்களே செங்கத்துச் சொந்தக்காரர்களிடம் வைக்கோல் வாங்கி வந்து குடிலைத் திரும்பக் கட்டினார்கள். தன் மாடு ஈன்று சில நாளே ஆன கன்றை அதன் ஓரமாகக் கட்டி, "உங்க சாமிக்குத் துணையா இருக்கட்டும்" என்றாள் முனியம்மா.

ஒருவரைக் காப்பாற்ற வேண்டுமானால், அவர் எதை விட்டு வரமாட்டார் என்று முதலில் கேளுங்கள். இப்போதெல்லாம் மழைக்கு வேன் கிளம்பினால் ஃபாதர் ஜன்னலைத் தட்டி ஒன்றுதான் கேட்கிறார்: "வைக்கோல் ஏத்தியாச்சா?"