இரண்டு தோட்டங்களுக்கு ஒரு குளியல்

போன வாரம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்பக்கம் குழாய் உடைந்துவிட்டது. பார்க்க வந்த பிளம்பர் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறிவிட்டு, "சார், உங்க பாத்ரூம் தண்ணி மொத்தமும் மண்ணுலதான் போய்க்கினு கீது" என்றார். குனிந்து பார்த்தேன். சோப்பும் சீயக்காயும் ஈர மண்ணும் கலந்த வாசனை. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் இன்னொரு முறை நன்றாக இழுத்து முகர்ந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. என்ன செய்வது, அந்த வாசனையில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது என்று பிளம்பரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

அறுபதுகளின் கடைசி. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பட்டணத்துக்குக் குமாஸ்தா வேலைக்கு வந்தவன் நான். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் கொல்லைப்புற அறையில் குடியிருந்தேன். ஏன் தாம்பரம் என்றால், மின்சார ரயில் அங்கேதான் கிளம்பும், உட்கார இடம் கிடைக்கும். கடற்கரை ஸ்டேஷன் வரை ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே போவது என்பதைத் தவிர அந்த வயதில் எனக்குப் பெரிய லட்சியம் எதுவும் இருந்ததாக ஞாபகமில்லை.

அறையை ஒட்டிக் குளிக்க ஓர் இடம். மூன்று பக்கம் கீற்றுத் தடுப்பு, ஒரு பக்கம் சுவர், மேலே வானமும் காக்கைகளும். தடுப்பின் அடியிலிருந்து வெளியேறும் தண்ணீர் ஒரு முழம் ஓடி இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் கிரேஸ் டீச்சரின் கீரைப் பாத்தி. வலது பக்கம் போனால் பத்மாவதி அக்காவின் வாழை. டீச்சர் முன்பக்கப் போர்ஷனில் இருந்தவர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம். பத்மாவதி அக்கா பக்கத்துப் போர்ஷன். கணவர் ரயில்வே கார்டு. அக்கா பிறந்தது முடிச்சூரில், வயல்காரர் வீட்டில். அங்கே அப்போது நெல் விளைந்துகொண்டிருந்தது.

அந்த வளாகத்தில் எதுவும் சுலபத்தில் சாகாது. என்னுடைய காக்கிக் கால்சட்டை ஒன்று கிழிந்தபோது டீச்சர் அதைக் காய்கறிப் பையாகத் தைத்துக் கொடுத்தார். பை நைந்து கரித்துணி ஆனது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தபோது, ஒரு நாள் அது பத்மாவதி அக்காவின் வாழைத்தாரை அணில் கடிக்காமல் போர்த்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அப்படிப்பட்ட இடத்தில் குளித்த தண்ணீர் மட்டும் சும்மா போகுமா? கோடையில் கிணறு கீழே போய்விடும்; செடிக்கென்று யாரும் தனியாக இறைக்க மாட்டார்கள். நானோ ஆற்றங்கரையில் வளர்ந்தவன். எட்டு வாளிக்குக் குறைந்து ஊற்றிக்கொண்டால் குளித்த மாதிரியே இருக்காது. ஆகையால் இரண்டு தோட்டங்களும் என் ஒருவன் உடம்பை நம்பித்தான் இருந்தன. பிரியும் இடத்தில் ஒரு செங்கல் துண்டு கிடக்கும். அதை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம் தண்ணீர் போகும். முதலில் யார் முந்துகிறார்களோ அவர்கள் நகர்த்துவார்கள். அப்புறம் சண்டை வந்தது. டீச்சர் ஒரு கால அட்டவணை போட்டு என் கதவில் ஒட்டிவிட்டார். திங்கள், புதன், வெள்ளி கீரை. செவ்வாய், வியாழன், சனி வாழை.

"சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். நாலு பக்கெட் எக்ஸ்ட்ரா வருது. அதனால ஞாயித்துக்கிழமை எனக்கு" என்றார் டீச்சர்.

"ஞாயித்துக்கிழமை நான் குளிக்கிறதில்லையே டீச்சர்" என்றேன்.

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் குளித்தேன்.

பிறகு சோப்பு கீரைக்கு ஆகாது என்று ஒரு டப்பா நிறையப் பயத்தம் மாவு கொடுத்தார். ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வீட்ல குழந்தை பிறந்திருக்கா?" என்று கேட்டார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றதும் பாவப்பட்டு, தெரிந்த இடத்தில் பெண் இருப்பதாகச் சொன்னவரும் அவர்தான்.

பெண்ணின் வீட்டார் ராமநாதபுரம் பக்கம். மாம்பலத்தில் உறவினர் வீட்டில் வைத்து ஒரே ஒரு முறை பெண்ணைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ரயிலில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜன்னலோர இடத்தைக் கண்டவர்களுக்கெல்லாம் விட்டுக்கொடுத்தேன்.

பெண்ணின் தகப்பனார் முடிவு சொல்லாமல் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முன்னறிவிப்பில்லாமல், பையனைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்து நின்றார். நான் கீற்றுத் தடுப்புக்குள் மூன்றாவது வாளியில் இருந்தேன். குரல் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது. இடுப்பில் ஈரத் துண்டு. வெளியே போகவும் முடியாது.

"பின்னால இருக்குற பையன் எப்படி ஆளும்மா?" என்று கேட்டார்.

"ரொம்ப டீசன்ட்" என்றார், சர்ச்சுக்குக் கிளம்பி நின்ற டீச்சர். "குளிக்கிறதுல மட்டும் கையை இறுக்கவே மாட்டார்."

"எட்டு பக்கெட்டு ஊத்துவாரு. சனிக்கிழமைன்னா பன்னண்டு" என்றார் பத்மாவதி அக்கா. "இப்பக்கூட குளிச்சிக்கினுதான் கீறாரு."

பெண்ணின் தகப்பனார் மெதுவாகச் சொன்னார்: "எங்க ஊர்ல எட்டு பக்கெட்டுல எட்டுப் பேரு குளிப்போம். கோடைக்காலத்துல தண்ணியவே இப்படி இறைக்கிறவரு, நாளைக்குக் குடும்பத்தை எப்படி நடத்துவாரு?"

கையில் சொம்போடு சிலையாக நின்றேன். ஊற்றினால் ஊதாரி என்பது உறுதியாகிவிடும். ஊற்றாமல் இருந்தேன்.

"தம்பி, ஏன் நிறுத்திட்டீங்க?" என்று டீச்சர் குரல் கொடுத்தார். "கடைசிப் பாத்திக்கு இன்னும் வரலை."

அரைச் சொம்பு ஊற்றினேன். அது யாருக்கும் திருப்தி தரவில்லை என்று எனக்கே தெரிந்தது. அப்போது செருப்புச் சத்தம் தடுப்பை விட்டு விலகி வாய்க்காலோரமாகப் போனது. கீரைப் பக்கம் போனது, திரும்பியது, வாழைப் பக்கம் போனது. அங்கே வெகுநேரம் நின்றது.

"இவ்வளவும் அந்தப் பையன் குளிச்ச தண்ணியா?"

"வேற தண்ணி இங்க ஏது சார்?" என்றார் பத்மாவதி அக்கா.

"ஒரு சொட்டுகூட வெளிய போகலையே" என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டது கேட்டது. பிறகு தடுப்பருகே வந்து நின்று, "மாப்பிள்ளை, நிதானமா குளிச்சிட்டு வாங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்றார்.

இந்தக் கல்யாணத்தில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவர்கள் டீச்சரும் அக்காவும்தான். ஆள் ஒன்று கூடுகிறது, வாளி எட்டு கூடும் என்று கணக்கு. அக்கா புதிதாக இரண்டு வாழைக்கன்று வைத்தார். டீச்சர் பாத்தியை நீட்டினார்.

என் மனைவி வந்தாள். ஒரு வாளியில் குளித்தாள். அதிலும் அடியில் கொஞ்சம் மீதி வைத்து அறையைத் துடைத்தாள். அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரம் அலசினாள். ஒரு மாதத்தில் என்னையும் இரண்டு வாளிக்குக் கொண்டுவந்துவிட்டாள். வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடந்தது. "இன்னா தம்பி, கல்யாணம் ஆனா குளிக்க மாட்டீங்களா?" என்று பத்மாவதி அக்கா நேராகவே கேட்டுவிட்டார். டீச்சர் கேட்கவில்லை, அட்டவணையைக் கிழித்துவிட்டார். அது இன்னும் வலித்தது.

என் மனைவி இருவரையும் கூப்பிட்டாள். "மூணு வீட்லயும் மூணு மூலையில துணி துவைக்கிறோம். அந்தத் தண்ணி எங்க போகுதுன்னு யாருக்கும் தெரியாது. எல்லாரும் இங்க வந்து துவைச்சா என்ன?" என்றாள். அன்று சாயங்காலமே துவைக்கிற கல்லைக் கீற்றுத் தடுப்புக்குள் நகர்த்தினோம். டியூட்டிக்குக் கிளம்பிய கார்டு, வெள்ளைச் சீருடையோடு வந்து ஒரு கை கொடுத்தார். அலசிய தண்ணீர் இரண்டு பக்கமும் நிறைந்து ஓடியது. நுரையெல்லாம் வாழைக்கு, கடைசி அலசல் கீரைக்கு என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள். கல்லைச் சுற்றி மூவரும் பேசத் தொடங்கினால் முடிவே கிடையாது. நான் துண்டோடு வெளியே காத்திருந்து, பல நாள் ரயிலைத் தவறவிட்டிருக்கிறேன்.

கார்டுக்கு மாற்றலாகி அக்கா அரக்கோணம் போனார். டீச்சர் ஓய்வுபெற்றுத் தங்கை வீட்டோடு போய்விட்டார்; இப்போது இல்லை. வளாகம் முழுக்கச் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். எனக்கும் வேலையில்லை, அவசரமில்லை, குழாயைத் திறந்துவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். ஒரு காலத்தில் நான் காலையில் எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமானால் இரண்டு வீட்டு ஜன்னல்கள் திறக்கும். இன்றைக்கு நான் குளித்தாலும் குளிக்காவிட்டாலும் இந்த உலகத்தில் ஓர் இலைகூட வாடுவதில்லை.