ஜிந்தா தோய்த்த சட்டை

தாய்லாந்தின் ட்ராங் ஊரில் பள்ளிச் சட்டையின் நெஞ்சில் பெயர் பின்ன வேண்டுமென்றால் சுவித்தின் கடைக்குத்தான் போக வேண்டும். ரயில் நிலையத்துக்குப் போகிற தெருவில் இருக்கிறது. இருபத்தாறு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளின் பெயரை நீல நூலில் பின்னுகிறான், ஓர் எழுத்துப் பிசகினது கிடையாது. ஆனால் தன் முதுகில் ஒருவன் எழுதியதை மட்டும் அவன் படிக்கவே இல்லை. தலையெழுத்து என்பதைத் தவிர வேறென்ன சொல்ல!

அது பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி நாள், வெள்ளிக்கிழமை. அன்றைக்கு யார் சட்டையும் வெள்ளையாக வீடு திரும்பாது. மார்க்கர் பேனாவோடு துரத்தித் துரத்தி எழுதுவார்கள். சுவித்தின் நெஞ்சிலும் கையிலும் இடமில்லாமல் போனது. அனன் மட்டும் எல்லோரும் ஓயும்வரை காத்திருந்து, அவனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி, முதுகில் நிதானமாக எழுதினான். ஆறு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் அவன்.

“வீட்டுக்குப் போய்ப் படி. வழியில எவனும் படிக்கக் கூடாது, பையை முதுகுல மாட்டிக்க” என்றான்.

வீட்டுக்குப் போனதும் படித்திருக்கலாம் அல்லவா? சுவித்தின் குணம் அப்படி இல்லை. பன்றி வறுவல் சாப்பிட்டால் மொறுமொறுத் தோலைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக் கடைசியில் தின்கிறவன். குளித்துவிட்டு, சாவகாசமாகக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கலாம் என்று சட்டையைக் கொடியில் போட்டுவிட்டுப் போனான். வந்து பார்த்தால் அது வெளுப்புத் தண்ணீர் வாளியில் கிடக்கிறது.

“பக்கத்து வீட்டுப் பையனுக்குக் குடுக்கலாம்னு தோச்சேன்டா. எனக்கென்ன தெரியும்?” என்றாள் அக்கா ஜிந்தா.

மறுநாள் அனன் வீட்டு வாசல்வரை இரண்டு தடவை போனான். ‘என்னடா எழுதினே’ என்று எந்த மூஞ்சியோடு கேட்பது? இரண்டு தடவையும் திரும்பி வந்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ரயிலில் அனன் பாங்காக்குக்குப் படிக்கப் போய்விட்டான். கடிதம் இல்லை, போன் இல்லை. மருந்துக் கடை வைத்திருப்பதும், கல்யாணம் கட்டாததும் அவன் அம்மா வாயால் தெரியவந்த சேதிகள். ஏப்ரலில் முன்னோர் கல்லறை கும்பிட வருவான். தெருவில் பார்த்தால் தலையசைப்பான், அவ்வளவுதான். ஏதோ கிண்டலாக எழுதியிருப்பான் என்று சுவித் தன் மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பழகிவிட்டான். சட்டையை மட்டும் தூக்கிப் போடவில்லை.

போன வருஷம் பாங்காக்கிலிருந்து தொலைக்காட்சி நாடகக்காரர்கள் படம்பிடிக்க வந்தார்கள். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பையன்கள் ஒருவரை ஒருவர் விரும்புகிற கதை. நாற்பது சட்டைக்குப் பெயர் பின்னியது சுவித்துதான். இந்த வருஷம் நாடகம் ஓடியபோது ஊரே வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குக் கதவடைத்தது.

“நம்ம தையல் எவ்வளவு பளிச்சுனு தெரியுது பாரேன்! அந்தப் பசங்க முகத்தை விட சட்டைதான்டா அழகு” என்று ஜிந்தா வாரா வாரம் அளந்துகொண்டிருந்தாள்.

கடைசி வாரம் நாடகத்தில் ஒரு பையன் மற்றவனின் சட்டை முதுகில் எழுதினான். ஜிந்தா முந்தானை கிடைக்காதவள் போல் மேஜைத் துணியை இழுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“என்னக்கா இது, கதைதானே!”

“கதையாவது மண்ணாவது! நான் தெரியாமத் தோய்க்கலடா. படிச்சுட்டுத்தான் தோச்சேன். அப்பா கண்ணுல பட்டிருந்தா உன்னை வெட்டிப் போட்டிருப்பாரு. பயந்துட்டேன். பாவி நான்.”

சுவித் தொலைக்காட்சியை அணைத்தான். “என்ன எழுதியிருந்துச்சு?”

ஜிந்தா ஒரு சொல் விடாமல் சொன்னாள். “‘ஞாயிறு, அஞ்சு மணி ரயில். நீ வந்து நின்னாப் போதும். வரலைன்னா, நான் எதையும் எழுதலைன்னு வெச்சுக்க.’”

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன், அப்போது அப்பா நடத்திய இதே கடையில்தான் இருந்தான். ரயில் ஊதினது காதில் விழுந்தது. நாலு எட்டு வைத்தால் நிலையம்! உண்மை தெரிந்தபின் மூன்று நாள் அக்காவோடு பேசவில்லை. நாலாம் நாள் அவளே காப்பியைக் கொண்டுவந்து வைத்து, “திட்டவாவது திட்டுடா” என்றாள். திட்டவும் வரவில்லை, மன்னிக்கவும் வரவில்லை. காப்பியைக் குடித்தான்.

ஏப்ரல் வந்தது. தம்பி மகனின் சட்டைகளை வாங்கிவரச் சொல்லி அம்மா அனுப்ப, அனன் கடைக்குள் வந்தான். முன்வழுக்கை, மூக்குக் கண்ணாடி. சுவித் பொட்டலத்தைக் கொடுக்காமல் அலமாரியைத் திறந்து, பழுப்பேறிய பழைய சட்டையை எடுத்து மேஜைமேல் விரித்தான்.

“அனன், இதை நான் படிக்கவே இல்ல. குளிக்கப் போனேன், அதுக்குள்ள தோச்சுட்டாங்க. போன மாசம்தான் தெரியும்.”

அனன் அந்த வெறும் முதுகைத் தடவிப் பார்த்தான். “ரயில் கிளம்பின பிறகும் ஜன்னல்ல எட்டிப் பார்த்துட்டே போனேன்டா” என்றான். “குளிக்கப் போனியாம் குளிக்க! உன் புத்தி எங்க போகும்.”

பிறகு மேஜையிலிருந்த அளவு குறிக்கும் மார்க்கரை எடுத்தான். “திரும்பு.”

சுவித் போட்டிருந்த சட்டையிலேயே எழுதினான். “வீட்டுக்குப் போய்ப் படி” என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டான்.

சுவித் உள்பக்கம் பார்த்துக் கத்தினான். “அக்கா! சீக்கிரம் வா. படி!”

ஜிந்தா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். அவன் முதுகைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“‘எழுதினேன்தான். ஞாயிறு, அஞ்சு மணி ரயில்.’” அவள் அவனைப் பிடித்துத் தள்ளினாள். “அட தடிமாடே, இன்னிக்குத்தான்டா ஞாயிறு! மணி நாலே முக்கால்!”

“கடை?”

“கடையை நான் பார்த்துக்கறேன். ஓடு!”

சுவித் சட்டையை மாற்றவில்லை, பையும் மாட்டவில்லை. தெருவே படிக்கும்படி முதுகைக் காட்டிக்கொண்டு நிலையத்துக்கு ஓடினான்.