அந்த ஊசியைப் போடாதீங்க

அந்தப் பெண்ணால் படுக்க முடியவில்லை. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். கட்டிலில் சாய்த்தால் உடனே எழுந்து உட்கார்ந்துகொண்டாள். "மூச்சு முட்டுதுக்கா, இப்படியே எடுங்கக்கா" என்றாள்.

மும்பை செம்பூரில் நான் எக்கோ டெக்னீஷியனாக இருந்த ஆஸ்பத்திரி. மதியச் சாப்பாட்டு நேரம். அவள் பெயர் செல்வராணி, வயது முப்பத்திரண்டு. ஆண்டாப் ஹில்லிலிருந்து தனியாக டாக்ஸி பிடித்து வந்திருந்தாள். காலில் வீக்கம், மூச்சிரைப்பு. கேஷுவால்டியில் பார்த்த ஜூனியர் டாக்டர், ஹார்ட் ஃபெயிலியராக இருக்கும் என்று எக்கோவுக்கு எழுதியிருந்தார்.

"கூட யாரும் வரலையாம்மா?"

"அவிய கல்யாண் பக்கம் வேலைக்குப் போயிருக்காவ. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்காவ."

தாராவியில் எங்கள் வீட்டில் பேசிய தமிழ். கணவர் இறந்த பிறகு என்னிடம் அப்படிப் பேச ஆளில்லை.

அவள் உட்கார்ந்திருக்கும்போதே ஸ்கேன் கருவியின் ப்ரோபை நெஞ்சில் வைத்தேன். ஸ்கிரீனில் இதயத்தைச் சுற்றிலும் கறுப்பு. எக்கோவில் கறுப்பு என்றால் நீர். அதற்குள் இதயம் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. ரத்தத்தை வாங்க விரிய வேண்டிய நேரத்தில் வலது அறைகள் உள்ளே அமுங்கின. கார்டியாக் டாம்பொனேட். வெளியே சேர்ந்த நீர் இதயத்தை நெருக்கி, நிரம்ப விடாமல் செய்துகொண்டிருந்தது.

"என்னக்கா தெரியுது?"

டெக்னீஷியன் நோயாளியிடம் சொல்லக் கூடாது. "டாக்டரைக் கூப்பிடுறேன்மா" என்றேன்.

அப்போது கேஷுவால்டி சிஸ்டர் ட்ரேயுடன் உள்ளே வந்தார். சிறுநீர் நிறையப் பிரிவதற்கான ஊசி. ஹார்ட் ஃபெயிலியருக்கு அது நல்ல மருந்து. நிரம்பவே முடியாமல் தவிக்கும் இதயத்துக்கு அது எமன். ரத்தத்தில் நீர் குறைந்து, இருக்கிற பிரஷரும் விழுந்துவிடும்.

"சிஸ்டர், அந்த ஊசியைப் போடாதீங்க."

"டாக்டர் ஆர்டர் இது. நிறுத்தச் சொல்ல நீங்க யாரு?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"நான் யாருமில்லை. ரெண்டு நிமிஷம் மட்டும் குடுங்க."

இதய ரத்தக்குழாய் சிகிச்சை நடக்கும் கேத் லேபுக்கு போன் போட்டேன். கார்டியாலஜிஸ்ட் குல்கர்னி கேஸில் இருக்கிறார், ரிப்போர்ட் அனுப்புங்கள் என்றது ஒரு குரல். அதுவரை நான் அங்கே யாரிடமும் சத்தம் போட்டதில்லை. "ரிப்போர்ட் வர்றதுக்குள்ள பேஷன்ட் இருக்க மாட்டா. போனை சார் காதுல வைங்க!"

"டாம்பொனேட், சார். பிரஷர் எண்பது. நீர் பிரியுற ஊசி போட வந்திருக்காங்க."

குல்கர்னியே பேசினார். "நிறுத்து. வர்றேன். ப்ரோபை எடுக்காதே."

வந்தார். நெஞ்சுக்குழிக்குக் கீழே ஊசி இறக்கினார். ஊசி போகிற வழியை நான் ஒரு கையால் ஸ்கிரீனில் காட்டிக்கொண்டிருந்தேன். இன்னொரு கையை செல்வராணி பிடித்திருந்தாள். "போயிராதீகக்கா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். சிரிஞ்சில் சிவந்த நீர் வந்தது. கொஞ்சம் எடுத்ததுமே பிரஷர் ஏறியது. அமுங்கிக் கிடந்த அறைகள் விரிந்தன. அவள் தலையணையில் சாய்ந்தாள்.

காசநோயால் சேர்ந்த நீர் அது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்துக்கொண்டாள்.

எனக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. தன் ஆர்டரை மீறிப் பெரிய டாக்டரிடம் போனதாக ஜூனியர் டாக்டருக்குக் கோபம். சிஸ்டர்கள் என்னை டீ குடிக்கக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பல மாதம் எக்கோ ரூமிலேயே தனியாக டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். படத்தை முதலில் பார்ப்பது நீங்கள். டாக்டர் காதில் விழும்வரை அது தெரிந்த ஒரே ஆளும் நீங்கள்தான். ரிப்போர்ட் அனுப்பிவிட்டோம் என்று சும்மா இருக்காதீர்கள், போனை எடுங்கள். பிறகு உங்களோடு யாரும் பேசாமல் போகலாம். அந்தத் தனிமையை என்னால் தாங்க முடிந்தது. வாய் திறக்காமல் அவளை விட்டிருந்தால் வந்திருக்கும் தனிமையைத் தாங்கியிருக்க முடியாது.