இல்லாத பெஞ்சில் உட்கார்ந்தவன்

பேய்க் கதை என்றால் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போகிற ஆள் நான். டெல்லி லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தபோது, பூட்டிக் கிடந்த வீடுகளைப் பற்றி ஆளாளுக்குக் கதை கட்டுவார்கள், நான் பந்து பொறுக்க அங்கேதான் ஏறிக் குதிப்பேன். இதைப் படித்துவிட்டு, வேலை அதிகம், கண் கெட்டுப்போயிருக்கும் என்பீர்கள். நானும் எனக்கே அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன்.

வேலை ஒரு வீடியோ கேம் கம்பெனியில். யாரும் கற்றுத் தரவில்லை, நானாக நோண்டிப் பழகியது. டிவியில் கன்சோல் மாட்டி விளையாடுகிற தொடர் ஒன்று எங்களுடையது, ஒரு வீரன் ஊர் ஊராக அலைகிற கதை. அதைப் போனில் இலவசமாக விளையாடும்படி மாற்றச் சொன்னார்கள். இலவசம் என்றால் ஆட்டம் நிற்கவே கூடாது, சண்டை, பரிசு, மறுபடி சண்டை. ஆட்டோ பட்டனை அழுத்தினால் வீரன் தானாகவே ஓடுவான், நாம் வேடிக்கை பார்த்தால் போதும்.

பழைய ஆட்டத்தில் ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சு உண்டு. வீரனை அதில் உட்கார வைக்கலாம், பரிசு ஒன்றும் கிடைக்காது, ஆறு ஓடும், அவ்வளவுதான். அதைச் செய்தவன் கதிரேசன், எட்டு வருஷமாக எனக்குப் பக்கத்து நாற்காலி. "மனுசன் கொஞ்ச நேரம் உக்கார வேணாமாய்யா?" என்பான், டெல்லிக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அந்த மதுரைப் பேச்சு அவனை விடவில்லை. மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெஞ்சு தேவையா என்றார். தேவையில்லை என்றேன். கதிரேசன் தேவையா என்றார். பெஞ்சுக்குச் சொன்ன அதே குரலில் அதற்கும் சொன்னேன்.

பெஞ்சை அழித்தோம், உட்காருகிற அசைவையும் அழித்தோம். கதிரேசன் ஒரு அட்டைப்பெட்டியோடு லிஃப்டில் இறங்கிப் போனான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், கேமைச் சோதித்துப் பார்க்கிற நிவேதா கூப்பிட்டாள். டெல்லியிலேயே பிறந்தவள், பாதி இந்தியில்தான் பேசுவாள்.

"அண்ணா, ஜல்தி வாங்க. உங்க ஹீரோ பைட் கயா."

உட்கார்ந்துவிட்டானாம். போய்ப் பார்த்தால், சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு ஆற்றங்கரைக்குப் போய், பெஞ்சு இருந்த இடத்தில் வெறும் காற்றில் உட்கார்ந்திருக்கிறான். மணி நாலேகால். மேஜையில் இருந்த ஆறு போனிலும் அப்படியே. ஐந்தரைக்கு எழுந்து சண்டைக்குப் போனான். மறுநாளும் அதே நாலேகால், அதே ஐந்தரை. நம்பினால் நம்புங்கள், அந்த அசைவு எங்கள் கம்ப்யூட்டர் எதிலும் இல்லை, நானே தேடினேன்.

"உங்க தோஸ்த் ஏதாவது செஞ்சு வெச்சிட்டுப் போயிட்டாரா?" என்றாள்.

"அவனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்தா நான்ல வெளிய போயிருப்பேன்."

அவள் சிரித்தாள். எனக்கு வரவில்லை.

நாலாவது நாள், வீரன் உட்கார்ந்திருக்கும்போதே கதிரேசனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. டெல்லியின் அந்தக் கோடியில், துவாரகாவில் இருக்கிற அவன் வீட்டுக்குப் போட்டேன், மனைவி மலர் எடுத்தாள்.

"என்னண்ணா அதிசயமா? அவரு அங்கதான இருக்காரு?"

போனோடு எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.

"எட்டு மணிக்கே டிபன் பாக்ஸோட கிளம்பிட்டாரே. புது கேமுன்னு அப்படி என்னண்ணா வேலை வாங்குறீங்க? வீட்டுக்கு வந்தா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறாரு."

"இங்கதாம்மா இருக்கான். மீட்டிங்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஏதாவது பார்க்கில்தான் உட்கார்ந்திருப்பான், தேடிப் போயிருக்கலாம். மெட்ரோவில் ஒரு மணி நேரம், துவாரகாவில் எத்தனை பார்க் இருந்துவிடப் போகிறது. பையை எடுத்துக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் போனேன். போய் என்ன சொல்வது, நீ தேவையில்லை என்று சொன்னவன் நான்தான் என்றா? திரும்பி வந்து வேலையைப் பார்த்தேன்.

மறுநாள் நாலேகாலுக்கு வீரன் வந்தான். அதுவரை நடுவில் உட்கார்ந்தவன் அன்றைக்கு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தான். பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு, அந்தப் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று வாரத்தில் கேம் வெளியானது. வெளியே விளையாடுகிற யாருக்கும் இப்படி நடந்ததாகத் தகவல் இல்லை. வெளியான அன்று மத்தியானம் மலரிடமிருந்து மூன்று முறை போன் வந்தது, நான் எடுக்கவில்லை. அதன்பிறகு அவள் கூப்பிடவும் இல்லை, கதிரேசன் என்னவானான் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

கேம் வெளியான அன்று ஐந்தரைக்கு வீரன் எழுந்திருக்கவில்லை.

ஐந்து போன்களில் கேமை அழித்து வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றை மட்டும் சார்ஜில் போட்டு என் டிராயரில் வைத்திருக்கிறேன், ஒரு வருஷமாகிறது. அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.