நாலடி மாப்பிள்ளை

போன வாரம் பஷீர் பாய் ஆபீஸில் ஏசி ஓடியும் எனக்கு வியர்த்தது. காரணம்... ஒரு மாப்பிள்ளையின் உயரம்!

பாய் எங்கள் ஊர் உப்பளம் ஏரியாவில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறார். கூடவே ஒரு வெப்சைட். வேறு யாரோ செய்து கொடுத்தது. கெட்டுப்போனால் மட்டும் என் ஞாபகம் வரும்.

"தம்பி, நம்ம பொண்ணு நஸ்ரீனுக்கு பாரிஸ்ல ஒரு மாப்பிள்ள. அவளுக்கும் புடிச்சிருக்கு. ஆனா இதப் பாருங்க..." என்று மானிட்டரைத் திருப்பினார்.

உயரம்: 127 செ.மீ. அதாவது நாலடி சொச்சம்!

"வீடியோ கால்ல பார்த்திருப்பீங்களே பாய்?"

"உக்காந்துதானே பேசுனாரு! எழுந்து நில்லுங்கன்னு சொல்ல முடியுமா? வேணாம்னு சொல்லிடப் போறேன்."

நியாயம்தான். சம்பந்தம் பேசும்போது சம்பளம் கேட்கலாம், சர்க்கரை இருக்கிறதா என்றுகூடக் கேட்கலாம். எழுந்து நிற்கச் சொன்னால் மட்டும் மரியாதைக் குறைவு! பக்கத்து சீட்டில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த நஸ்ரீன் நிமிரவே இல்லை. பாயுடைய ஒரே மகள். எனக்குப் பாவமாக இருந்தது.

மற்ற வரன்களைப் பார்த்தேன். உள்ளூர்ப் பையன்கள் ஒன்று ஐந்தடி, இல்லையென்றால் ஆறடி. நடுவில் ஒருத்தர்கூட இல்லை! எங்கள் ஊரில் பிரெஞ்சு குடியுரிமை உள்ள குடும்பங்கள் உயரத்தை சென்டிமீட்டரில்தான் கொடுப்பார்கள். அத்தனை பேரும் 127. பிரான்ஸ் தண்ணீர் அப்படியா என்ன?

வெப்சைட் எழுதப்பட்ட பிஎச்பி மொழியில் நாலு வரி எழுதி, டேட்டாபேஸில் எந்தக் கட்டத்துக்கு என்ன டைப் என்று கேட்டேன். பெயருக்கு எழுத்து — சரி. பிறந்த நாளுக்குத் தேதி — சரி. உயரத்துக்கு... டைனிஇன்ட்! எண்களிலேயே குட்டி டைப். அடிக்கணக்கில் 5.6 என்று புள்ளி வைத்துக் கொடுத்தால் முழு எண்ணாக்கிவிடும். 127-ஐத் தாண்டினால் தலையில் தட்டி அங்கேயே உட்கார வைத்துவிடும்.

மனுஷனிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூசுகிறோம். ஸ்கிரீன் சொன்னால் அப்படியே நம்பிவிடுகிறோம், இல்லையா?

டைப்பை மாற்றினேன். ஆனால் வெட்டுப்பட்ட எண் திரும்பி வராதே... மாப்பிள்ளையிடம்தான் கேட்டாக வேண்டும். பாய் தயங்கித் தயங்கி போன் போட்டார். ஸ்பீக்கரில்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள... எங்க கம்ப்யூட்டர் உங்க உயரத்த நூத்தி இருபத்தேழுன்னு காட்டுது..."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "நான் நூத்தி எழுபத்தெட்டு மாமா. உங்க பொண்ணுக்கும் அதே நூத்தி இருபத்தேழுதான் போட்டிருந்துச்சு. இருந்தா என்ன, எனக்குப் புடிச்சிருக்குன்னு அம்மாகிட்ட சண்ட போட்டு சம்மதம் வாங்கிட்டேன்."

பாய் அவசரமாக மகளின் பக்கத்தைத் திறந்தார். 127! பிரான்ஸ் சம்பந்தம் வேண்டுமென்று மகளின் உயரத்தையும் சென்டிமீட்டரில் போட்டு வைத்தது அவரேதான்!

நஸ்ரீன் இப்போதுதான் நிமிர்ந்தாள். "இன்னும் என்னத்த அளக்கணும் அத்தா?"

நிக்காஹ் தேதி குறித்தாகிவிட்டது. வெப்சைட்டில் அந்தத் தேதியைப் போடும் கட்டத்தின் டைப்பை மட்டும் ரெண்டு தடவை பார்த்துவிட்டேன்!