என் எச்சிலுக்கு வெட்டிய கிடா

சித்தப்பாவின் சளி என்று சொல்லி என் எச்சிலைப் பரிசோதனைக்குக் கொடுத்தவன் நான். அப்போது சித்தப்பா வீட்டில் தங்கி ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். இன்று நானே மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிற வயது. இனியும் இதை மறைக்க மனமில்லை.

அரியலூர் டவுனுக்குள் பஸ் நுழைவதற்கு முன்பே அந்த ஆஸ்பத்திரி வந்துவிடும். உடையார்பாளையம் சாலையில் இருந்த எங்கள் ஊருக்கு அதுதான் பெரிய ஆஸ்பத்திரி. பல வாரங்களாக இருமிக்கொண்டிருந்த சித்தப்பா அங்கே போனபோது நானும் கூடப் போனேன். டி.பி.யாக இருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்பட்டார். விடிந்ததும் வருகிற சளியைக் கொண்டுவரச் சொல்லி, மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்தார்கள்.

"இத வச்சு என்ன சார் பண்ணுவீங்க?" என்று லேப்பில் இருந்தவரிடம் கேட்டேன்.

"சாயம் போட்டு இந்தக் கண்ணாடி வழியா பாத்தா, கிருமி செவப்பா குச்சி குச்சியா தெரியும்டா தம்பி."

அதன் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அது முந்திரிக்கொட்டை பொறுக்கும் காலம். சித்தப்பாவால் வேலையை விட முடியவில்லை. நான் பள்ளிக்கூடம் போவதும் அதே பஸ்ஸில்தான் என்பதால், மறுநாள் காலை டப்பாவை என்னிடம் கொடுத்து அனுப்பினார்.

குச்சி தெரிகிறதா பார்க்கலாம் என்று பாதி வழியில் மூடியைத் திறந்தேன். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. டப்பா கவிழ்ந்து எல்லாம் கீழே கொட்டிவிட்டது. நான் அதிகம் கலங்கவில்லை. ஒரே வீடு, ஒரே பானைச் சோறு. எச்சில் மட்டும் வேறாகவா இருந்துவிடப் போகிறது? காறித் துப்பி மூடினேன்.

சாயங்காலம் லேப்காரர் என்னையும் அந்த மைக்ராஸ்கோப் கண்ணாடியில் பார்க்க விட்டார். நீல நிறம், அவ்வளவுதான்.

"ஒண்ணுமில்லடா. சித்தப்பாவுக்குக் கிருமி இல்லன்னு சொல்லு."

குச்சியைப் பார்க்க முடியவில்லையே என்ற ஏமாற்றத்தோடு வீடு திரும்பினேன்.

கிருமி இருக்கக் கூடாது என்று சித்தி முன்பே அய்யனாருக்கு நேர்ந்திருந்தாள். கிடா வெட்டினார்கள். "எம்புள்ள கொண்டு போன நேரம், நல்லதா வந்துச்சு" என்று ஈரலை என் இலையில் வைத்தாள். ருசியாகத்தான் இருந்தது.

இருமல் நிற்கவில்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் சித்தப்பா துப்பியதில் ரத்தத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அடப்பாவி, ஒன் எச்சிலுக்கா நான் கெடா வெட்டுனேன்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் இருமலில்தான் போய் முடிந்தது. "சித்திகிட்ட மூச்சு விட்டுறாத. அப்பறம் ஒனக்குச் சோறு போடமாட்டா."

இந்த முறை டப்பாவை அவரே கொண்டுபோனார். கிருமி இருந்தது. ஊசியும் மாத்திரையும் மாதக்கணக்கில் நடந்தன. லீவு நாளெல்லாம் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாத்திரையை விழுங்கிவிட்டாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். அவரும் ஆவென்று காட்டுவார். மெல்லத் தேறினார். செய்த தப்பைச் சரிசெய்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது.

அவர் மறுபடி முந்திரிக்காட்டுக்குப் போகத் தொடங்கிய நாட்களில் சித்தி இரும ஆரம்பித்தாள். அவள் பாயருகே போய் உட்கார்ந்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"தள்ளி ஒக்காரு சாமி. ஒனக்கு ஒட்டிக்கிட்டா ஒங்கம்மாவுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

அவளுக்கு அது எப்படி ஒட்டியது என்று நான் யோசிக்கவில்லை. சொன்னபடி தள்ளி உட்கார்ந்தேன்.